அத்தை, ஸ்பூல், ஜூன்

ஜூன் 4
அத்தையை ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். தொண்டையில் விட்டிருந்த சுவாச டியூபை எடுத்தாகிவிட்டது. மூச்சு சரி. குரல்தான் இல்லை. வரும் என்கிறார்கள்.

ஜூன் 5
இன்ஷூரன்ஸ் காகிதம் தேடி மயிலாப்பூர் வீட்டு டிரங்குப் பெட்டியைக் குடைந்தேன். ரேடியோ கான்ட்ராக்ட் கடிதங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. அடியில் ஒரு ஸ்பூல் டேப், பழைய ஒலிநாடாச் சுருள். மாமா கையெழுத்து: "1964, சாயங்காலக் கச்சேரி".

ஜூன் 6
குரல் வரவில்லை.

ஜூன் 7
தூக்கம் பிடிக்கவில்லை. 1952இல் வானொலியில் குரல் தேர்வு வந்தபோது பெரிய வித்வான்கள் பலர் எதிர்த்தார்கள், எங்களுக்கே பரீட்சையா என்று. அவர்கள் கோபம் புரிகிறது. ஆனால் சிபாரிசு இல்லாத அத்தைக்கு அதுதான் வாசல். "ஆளைப் பார்க்கல, பாட்டைத்தான் கேட்டாங்க" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார்! எந்த சபாவும் கூப்பிட்டதில்லை. கடற்கரை வானொலி நிலையத்து ஸ்டூடியோதான் மேடை. பாட்டுப் பட்டியலை முன்கூட்டியே அனுப்ப வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தால் அரை மணி நேரம்: வர்ணம், காம்போதி ராகத்தில் மெயின் பாட்டு, கடைசியில் சின்னதாக ஒரு துக்கடா. கண் சுவர்க் கடிகாரத்தில். நேரடி ஒலிபரப்பு, பிசிறினால் பிசிறினதுதான். கைதட்டலே கேட்காமல் அத்தனை வருடம் பாடினார். எல்லாம் காற்றோடு போயிற்று. மாமா அன்றைக்கு ரேடியோ முன்னால் மைக்கை வைத்திருக்காவிட்டால் ஒன்றுமே மிஞ்சியிருக்காது.

ஜூன் 9
"பாட்டி சினிமாவுல பாடினாங்களா?" என்றார் நர்ஸ். ரேடியோவில் என்றேன். "ஓ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாள் முழுக்க மனசு ஆறவில்லை.

ஜூன் 10
ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடை. கடைக்காரர் டேப்பை முகர்ந்து பார்த்தார். "வினிகர் வாடை அடிக்குது மேடம், அசிடேட் டேப், கெட்டுப்போக ஆரம்பிச்சிருக்கு. அவசரப்பட்டு ஓட்டினா அறுந்துடும்." கையாலேயே துடைத்து, மெதுவாகத்தான் ஓட்டுவாராம். பயமாக இருக்கிறது.

ஜூன் 11
அத்தை சிலேட்டில் எழுதினார்: "தம்புராவுக்கு உறை போட்டாயா?"
போட்டேன் அத்தை.
ஸ்பூலைப் பற்றிச் சொல்லவில்லை. இருபத்து நாலு வயதுக் குரலை இப்போது போட்டுக் காட்டினால் சந்தோஷப்படுவாரா, நொறுங்கிப் போவாரா? குரல் திரும்பிய பிறகு காட்டலாம் என்றால், திரும்பாவிட்டால்? காட்டாமலே இருக்க எனக்கு என்ன உரிமை? அது அவர் பாட்டு.

ஜூன் 12
காய்ச்சல். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 13
காய்ச்சல் இறங்கிவிட்டது.
கடைக்காரர் போன் செய்தார். பத்து நிமிடம் எடுத்துவிட்டாராம், பெண் குரல்தானாம்! ஆனால் மெஷின் ஸ்பீடு சரியா என்று சந்தேகம். ஸ்பீடு மாறினால் சுருதியும் மாறிவிடுமாம், அதனால் பாடினவங்க சுருதி என்ன என்று கேட்கிறார். ஐந்து கட்டையா, ஐந்தரையா? அத்தையைத்தான் கேட்க வேண்டும். எதற்கு என்று சிலேட்டில் எழுதுவார்.