மாசி வீதிச் சந்தில், கடைசி அறைக்கு வைஃபை வந்து சேர்ந்த விதம்

எங்கள் வீடு மதுரை வடக்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. அகலம் பதினான்கு அடி, நீளம் எழுபது அடிக்கு மேல். இருபக்கமும் அடுத்த வீட்டுச் சுவரே எங்கள் சுவர். வாசலில் நுழைந்தால் முன்கூடம், அதன்பின் முற்றம், அடுத்துச் சாமி அறையும் சமையலறையும், கொல்லைப்பக்கமாக ஒரு சிறிய அறை. அந்தக் கடைசி அறையில் அமர்ந்துதான் நான் சென்னை நிறுவனம் ஒன்றுக்குக் கணக்கு வேலை பார்க்கிறேன். ஃபைபர் கம்பி தெருக் கம்பத்திலிருந்து வருவதால், இணைப்புக் கொடுக்க வந்தவர் வாசலை ஒட்டிய பரணிலேயே ரவுட்டரை வைத்துவிட்டுப் போனார். நாங்களும் இரண்டு ஆண்டுகள் அதைத் தொடவில்லை.

100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) திட்டத்துக்கு மாதந்தோறும் பணம் கட்டிக்கொண்டிருந்தும், ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யும் இருபதாம் தேதி நெருங்கும்போதெல்லாம் என் மடிக்கணினியில் பக்கங்கள் சுழன்றுகொண்டே நின்றன. சிங்கப்பூரிலிருக்கும் மைத்துனருடன் அத்தை வீடியோவில் பேசும்போது முகம் உறைந்து, குரல் மட்டும் துண்டு துண்டாக வந்தது. வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு வாரம் தொடர்ந்து பேசிய பிறகு ஒரு தம்பி வந்தார். ரவுட்டரில் கேபிளைச் செருகித் தம் மடிக்கணினியில் அளந்து, "94 வருது பாருங்கக்கா, லைன்ல ஒரு குறையும் இல்லை" என்றார். அவர் சொன்னது உண்மைதான். 100 எம்பிபிஎஸ் போர்ட் வழியாக அளந்தால், தகவலோடு சேர்ந்து போகும் தலைப்புக் குறிப்புகளுக்கான பங்கு கழிந்து, ஏறத்தாழ அவ்வளவுதான் மிஞ்சும். அவர் போனதும் அதே சோதனையைக் கடைசி அறையில் வைஃபையில் செய்து பார்த்தேன், 8 வந்தது. தெருவிலிருந்து வாசல் வரை முழுதாக வந்து சேர்ந்த வேகம், வாசலிலிருந்து கொல்லைக்குள் கரைந்துபோகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அதன்பின் நான் செய்த முதல் வேலை, எந்த அமைப்பையும் மாற்றாமல் ஒரு நோட்டை எடுத்து வைத்ததுதான். முன்கூடம், முற்றம், சமையலறை, கடைசி அறை என நான்கு இடங்களிலும், காலை ஏழு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும், இறக்க வேகம், ஏற்ற வேகம், பிங் (ஒரு தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம்) ஆகிய மூன்றையும் மூன்று நாட்கள் குறித்தேன். வீட்டு இணையத்தைச் சீர்செய்ய முனையும் எவரும் இந்த மூன்று நாளைத் தவிர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரே மாலையில் ஐந்து அமைப்புகளை மாற்றிவிட்டால், எது பலன் தந்தது, எது கெடுத்தது என்று பிறகு பிரித்தறிய வழியே இல்லை. ஒரு நாளில் ஒரு மாற்றம், அதன்பின் அளவு, அதன்பின் அடுத்தது என்றே நான் போனேன். அளக்கும்போது இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். திட்டத்தில் சொல்லப்படுவது மெகாபிட், கோப்பு இறங்கும்போது திரையில் தெரிவது பெரும்பாலும் மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

ரவுட்டருக்குள் நுழைவதற்கு முன் வெளிப்புறத்தைப் பார்த்துவிடுவது நல்லது. ஃபைபர் கம்பி வந்து சேரும் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். அப்போது எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை. பெரும்பாலான ஃபைபர் பெட்டிகளின் நிலைப் பக்கத்தில், வந்து சேரும் ஒளியின் வலிமை டிபிஎம் என்ற அலகில் காட்டப்படும். அது கழித்தல் 27-ஐ நெருங்கினால் இணைப்பு தடுமாறத் தொடங்கும். எங்கள் வீட்டில் கழித்தல் 25 இருந்தது. பரணில் துணிப்பெட்டிகளுக்கு அடியில் அந்த மெல்லிய மஞ்சள் கம்பி மடிந்து கிடந்ததைக் கண்டு, அகலமான வளையமாகச் சுற்றி வைத்ததும் கழித்தல் 21 ஆயிற்று. கண்ணாடி இழை கூர்மையாக வளைந்தால் ஒளி பக்கவாட்டில் கசிந்துவிடும் என்பதே இதன் காரணம்.

பரணை விட்டு ரவுட்டரை இறக்கியதற்கு வெயிலும் ஒரு காரணம். பல வீட்டு ரவுட்டர்கள் 40 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. சித்திரை, வைகாசியில் மதுரையின் பகல் வெப்பமே அந்த அளவைத் தொடும்போது, மேல்தளத்துச் சூடு இறங்கும் பரணில், பெட்டிகளுக்கு நடுவே காற்றோட்டமின்றி இருந்த கருவி பிற்பகலில் தானாக நின்று நின்று உயிர்பெற்றதில் வியப்பில்லை. முன்கூடத்தில் முற்றத்தை ஒட்டிய சுவரில், ஆறடி உயரத்தில், காற்றுப்படும்படி ஒரு பலகை அடித்து அதில் வைத்தோம். முற்றம் திறந்த வெளி என்பதால் வைஃபை அலைக்கும் வழி கிடைத்தது. அருகிலிருந்த இரும்பு பீரோவை மட்டும் எதிர்ச்சுவருக்கு நகர்த்தினோம்.

இனி அமைப்புகள். உலாவியில் 192.168.1.1 என்று அடித்தால் எங்கள் ரவுட்டரின் பக்கம் திறக்கும். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும். நான் முதலில் பார்த்தது சேனல், அதாவது அலைவரிசைக்குள் ரவுட்டர் பேசும் தடம். கைப்பேசியில் வைஃபை அலசும் செயலி ஒன்றை நிறுவிப் பார்த்தபோது, எங்கள் முன்கூடத்தில் நின்றபடியே இருபத்து மூன்று வீட்டு, கடை வைஃபைகள் தெரிந்தன. சுவரோடு சுவர் ஒட்டிய மாசி வீதிச் சந்துகளில் இது இயல்பே. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நம் நாட்டில் 1 முதல் 13 வரை சேனல்கள் உள்ளன. ஆனால் அடுத்தடுத்த சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ் தூரமே உண்டு; ஒவ்வொரு ரவுட்டரும் குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் பேசுகிறது. எனவே ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் நிற்கக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்றே. எங்கள் ரவுட்டர் 'ஆட்டோ'வில் இருந்து 3-ஆம் சேனலில் போய் அமர்ந்திருந்தது. 1-இல் இருப்போரும் 6-இல் இருப்போரும் அதற்கு வெறும் இரைச்சலாகவே கேட்டிருப்பார்கள். ஒரே சேனலைப் பகிர்ந்துகொள்ளும் கருவிகள் ஒன்றையொன்று கேட்டு, முறை வைத்துக் காத்திருந்து பேசும். அரைகுறையாக மேற்படியும் சேனலில் அந்த முறையும் இராது. அதனால் இடையில் காலியாகத் தெரியும் எண்ணைத் தேடுவதைவிட, இந்த மூன்றில் நெரிசல் குறைந்த ஒன்றில் அமர்வதே நல்லது. நான் 1-ஐத் தேர்ந்தேன்.

அடுத்து அந்தச் சேனலின் அகலம். அது 40 மெகாஹெர்ட்ஸில் இருந்தது. அகலமான சாலையில் வேகமாகப் போகலாம் என்ற நினைப்பில் நானும் அதை அப்படியே விட எண்ணினேன். ஆனால் இருபத்து மூன்று பேர் நெருக்கியடிக்கும் இடத்தில், 40 என்பது கிடைக்கும் இடத்தில் பாதியையே வளைத்துப் பிடிக்க முயன்று, எல்லோருடனும் மோதுகிறது. 20-ஆகக் குறைத்த அன்றிரவு கடைசி அறையின் வேகம் 8-இலிருந்து 17-ஆக உயர்ந்தது. குறைத்ததால் கூடியது என்ற இந்த அனுபவம் பின்னரும் இருமுறை நேர்ந்தது.

பாதுகாப்புப் பகுதியில் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. பழைய கைப்பேசி ஒன்றுக்காக முன்னொரு காலத்தில் டிகேஐபி என்ற குறியாக்கத்தைத் தேர்ந்து வைத்திருந்தோம். 802.11என் என்ற வைஃபை தரநிலையின் உயர் வேகங்களை டிகேஐபியுடன் பயன்படுத்த அனுமதி இல்லை. அதைத் தேர்ந்தால் இணைப்பு பழைய 54 எம்பிபிஎஸ் எல்லைக்குள் முடங்கும். டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்ற பிந்தைய பாதுகாப்பு முறைக்கு மாற்றியதும் முன்கூடத்தின் அளவு உடனே இரட்டிப்பானது. பூட்டின் வகைகூட வேகத்தைக் கட்டிப்போடும் என்று நான் அதுவரை எண்ணியதில்லை. நிர்வாகப் பக்கத்தின் கடவுச்சொல்லையும் அப்போதே மாற்றினேன், கடவுச்சொல் இன்றியே கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்தேன், ரவுட்டரை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்தேன்.

5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குத் தனிப்பெயர் வைத்து, முன்கூடத்துத் தொலைக்காட்சியையும் மகனின் கணினியையும் அதில் சேர்த்தேன். அந்த அலைவரிசையில் இடம் தாராளம், நெரிசல் குறைவு, ஆனால் சுவரைக் கடக்கும் வலு குறைவு. எங்கள் சுவர்கள் ஒன்றரை அடிப் பருமனுள்ள பழைய செங்கல், சுண்ணாம்புச் சுவர்கள். சமையலறை தாண்டி அது வரவே இல்லை. அந்தச் சுவர்களை எந்த அமைப்பாலும் மெலிதாக்க முடியாது என்பதை இங்கே ஒப்புக்கொண்டேன்.

ஆகவே கம்பி இழுத்தோம். வைஃபையைப் பிடித்து மீண்டும் வீசும் ரிப்பீட்டர் வாங்கலாம் என்று கடையில் சொன்னார்கள். ஆனால் அது ஒரே சேனலில் கேட்டும் பேசியும் ஆக வேண்டியிருப்பதால், கிடைத்த வேகத்தில் பாதியை அங்கேயே இழந்துவிடும். கேட்6 கேபிள் நூறு மீட்டர் வரை முழு வேகத்தைக் கொண்டுபோகும். எங்களுக்குத் தேவைப்பட்டது இருபத்தைந்து மீட்டர்தான். பரணில் கிடந்த பழைய ரவுட்டரைக் கடைசி அறையில் ஆக்சஸ் பாயின்ட்டாக, அதாவது கம்பியில் வருவதை வைஃபையாக வீசும் கருவியாக, வைத்தேன். இங்கே நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். பழையதும் 192.168.1.1 என்ற அதே முகவரியில், கருவிகளுக்கு முகவரி எண் வழங்கும் தன் டிஎச்சிபியும் இயங்கும்படி இருந்தது. வீட்டில் ஒரு முகவரியில் இருவர் நிற்க, இருவரும் கருவிகளுக்குத் தனித்தனியே எண்களைக் கொடுக்க, ஒரு மாலை முழுவதும் யாருக்கும் இணையம் நிலைக்கவில்லை. பழையதின் முகவரியை 192.168.1.2 என மாற்றி, டிஎச்சிபியை அணைத்து, கம்பியை வெளி இணைப்புக்கான வான் (WAN) போர்ட்டில் அல்லாமல், வீட்டுக் கருவிகளுக்கான லேன் (LAN) போர்ட்டில் செருக வேண்டும். அதன் சேனலை 11 ஆக்கி, பெயரையும் கடவுச்சொல்லையும் முன்கூடத்து ரவுட்டரில் உள்ளதைப் போலவே வைத்தேன்.

அப்படியும் கைப்பேசிகள் கொல்லைக்கு வந்த பிறகும் முன்கூடத்து ரவுட்டரையே விடாமல் பிடித்திருந்தன. எந்த ரவுட்டரோடு சேர்வது என்பதைக் கைப்பேசியே முடிவு செய்கிறது. ஏற்கெனவே சேர்ந்திருப்பது மங்கலாகவேனும் கேட்கும் வரை அது விடுவதில்லை. முன்கூடத்து ரவுட்டரின் அலை வலிமையை முழு அளவிலிருந்து நடுத்தரத்துக்கு இறக்கினேன். சமையலறையைத் தாண்டும்போதே கைப்பேசிகள் கடைசி அறை ரவுட்டருக்கு மாறத் தொடங்கின. கடைசி அறையில் இப்போது 60-க்குக் குறையாமல் கிடைக்கிறது. மடிக்கணினியைக் கேபிளிலேயே செருகிப் பார்த்தபோது 94 வந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் அத்தையின் வீடியோ அழைப்பு சில நேரம் உடைந்தது. அது எனக்கு உண்மையாகவே மனவருத்தம் தந்தது, ஏனெனில் வீட்டில் இணையத்தை மிகவும் எதிர்பார்த்துக் காத்திருப்பவர் அவர்தான். வீடியோ அழைப்புக்கு இரண்டு, மூன்று எம்பிபிஎஸ்ஸே போதும். நோட்டைப் புரட்டியபோது, அழைப்பு உடைந்த நேரங்களில் வேகம் குறையவில்லை, பிங்தான் 9 மில்லிநொடியிலிருந்து 400-க்குத் தாவியிருந்தது தெரிந்தது. அந்த நேரங்களிலெல்லாம் மகனின் கைப்பேசி எடுத்த படங்களை இணையச் சேமிப்பகத்துக்கு (கிளவுட்) ஏற்றிக்கொண்டிருந்தது. கீழமாசி வீதியில் மூட்டை இறக்கும் வண்டிகள் வரிசைகட்டி நின்றால், பின்னால் வரும் சைக்கிளும் அந்த வரிசை நகரும் வரை நிற்கத்தான் வேண்டும். பெட்டிக்குள் தகவல் காத்திருக்கும் வரிசை அளவுக்கு மீறி நீண்டுவிடும் இந்தக் குறைக்கு பஃபர்ப்ளோட் என்று பெயர். தம் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டு பலருக்கும் உணர்த்தியவர் கணினி வல்லுநர் ஜிம் கெட்டிஸ். வரிசையில் நிற்கும் நேரத்தை அளந்து அதைக் கட்டுப்படுத்தும் கோடெல் முறையை 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் முன்வைத்தனர்.

புதிய சில ரவுட்டர்களில் இம்முறை எஸ்க்யூஎம் என்ற பெயரில் கிடைக்கிறது. எங்களுடையதில் வேகத்துக்கு உச்சவரம்பு வைக்கும் பேண்ட்வித் கட்டுப்பாடு மட்டுமே இருந்தது. அதில் இறக்கத்தை 90, ஏற்றத்தை 85 எம்பிபிஎஸ் என்று இணைப்பின் அளவுக்குச் சற்றுக் கீழே நிறுத்தினேன். வீடியோ அழைப்புக்கு முன்னுரிமை கொடுத்தேன். இதனால் நெரிசல் நம் கட்டுப்பாட்டில் இல்லாத இடத்தில் உருவாகாமல், நம் ரவுட்டரிலேயே ஒழுங்குபடும். சோதனையில் தெரியும் வேகம் சற்றுக் குறைந்தது. படங்கள் ஏறும்போதும் பிங் 30-ஐத் தாண்டவில்லை. ஒன்றை மட்டும் செய்ய நேரமிருந்தால் இதைச் செய்யுங்கள் என்றே எவருக்கும் சொல்வேன்.

தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சேவையின் முகவரியை 1.1.1.1 என்றோ 8.8.8.8 என்றோ மாற்றினால் வேகம் பன்மடங்காகும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெயரைத் தேடும் முதல் கணம் மட்டுமே சற்று விரையும், கோப்பு இறங்கும் வேகம் மாறாது. பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பிபிபிஓஇ முறையில் இருப்பவர்கள், எம்டியூ (ஒரே தகவல் பொட்டலத்தின் உச்ச அளவு) 1492 பைட் என்று இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது போதும். 1500-இல் அந்த முறை தன் தலைப்புக்கு 8 பைட் எடுத்துக்கொள்கிறது.

மாதப் பராமரிப்பு மின்தடைக்கும், ஒரு நொடி அணைந்து வரும் மின்சாரத்துக்கும் 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்று வாங்கி ஃபைபர் பெட்டியில் இணைத்திருக்கிறோம். வாங்கும் முன் பெட்டியின் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ரவுட்டரை யாராவது ரீசெட் குழியில் ஊசியால் அழுத்திவிட்டால் மேலே சொன்ன அத்தனையும் போய்விடும் என்பதால், அமைப்புகளைக் கோப்பாகச் சேமித்து வைத்திருப்பதோடு, சேனல், அகலம், முகவரிகள், வரம்புகள் எல்லாவற்றையும் அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, சாமி அறை அலமாரியில் வைத்திருக்கிறேன்.