குருமனையைக் காலி செய்யும் மாதம்

புராட்டஸ்டண்ட் திருச்சபையின் தென்மாவட்டத் திருமண்டல (பேராயர் ஒருவரின் கீழுள்ள சபைகளின் அமைப்பு) அலுவலகம் ஒன்றில் குருமார்களின் மருத்துவக் கோப்புகளைப் பார்ப்பது என் வேலை. சேகரம் என்பது சில சபைகள் சேர்ந்த வட்டாரம்; அதன் போதகரை ஐயர் என்போம். சேகரத்து ஐயர் ஒருவர் ஓய்வு பெறுகிறார் என்றால் சபையார் கண்ணில் படுவது ஸ்தோத்திர ஆராதனை, பொன்னாடை, பண முடிப்பு, அசன விருந்து. எங்கள் மேசைக்கு வருவது வேறு. அந்த மாதக் கடைசித் தேதியோடு சம்பளம் நிற்கும். குடியிருக்கச் சபை கொடுத்த வீடான குருமனையைக் காலி செய்ய வேண்டும். குருமார்கள் எல்லாருக்கும் சேர்த்து எடுத்திருக்கும் மருத்துவக் காப்பீட்டு குரூப் பாலிசிப் பட்டியலிலிருந்து ஐயர் பெயரும் அவர் மனைவி ஐயரம்மா பெயரும் நீங்கும். மூன்றும் ஒன்றாக வந்து விழும். ஏற்பாடுகள் திருமண்டலத்துக்குத் திருமண்டலம் மாறும். எங்கள் இடத்தில் நிலைமை இதுதான். ஆஸ்பத்திரி அதிகம் தேவைப்படத் தொடங்கும் வயதில்தான் ஆஸ்பத்திரிச் செலவைத் தாங்கியிருந்த கை விலகுகிறது.

ஓய்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வந்த ஓர் ஐயரை நினைத்துக்கொள்கிறேன். ஐயரம்மா கையில் ஒரு கட்டைப்பை. உள்ளே ஸ்கேன் கவர்கள், மருந்துக் கடை பில், டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லாம் வருடவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு. ஐயருக்குச் சுகர் பல வருடமாக இருக்கிறது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். "ஆராதனை முடியட்டும் தம்பி, அப்புறம் நிதானமா பார்த்துக்கலாம்" என்றார். "ஐயா, அதுக்கு முந்தியே பார்க்கணும். தேதி முடிஞ்சு போனா உங்களைப் புது ஆளாத்தான் எடுப்பாங்க" என்றேன். ஐயரம்மா குறுக்கிட்டார்: "இது அவங்களுக்கு மட்டுந்தானா, எனக்கும் சேர்த்தா?"

அந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தப் 'புது ஆள்' விஷயம். எங்கள் குரூப் பாலிசியில், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பணம் கிடைக்கும். வெளியே போய்த் தனியாகப் பாலிசி எடுத்தால் அப்படி இல்லை. பழைய நோய்களுக்கு 36 மாதம் வரை காத்திருக்கச் சொல்லலாம் என்பது 2024 ஏப்ரல் முதல் உள்ள விதி. அதற்கு முன்பு 48 மாதம். ஸ்டென்ட் வைத்தவருக்கு மூன்று வருடம் என்பது சின்னக் காலம் இல்லை. குரூப் பாலிசி உயிரோடு இருக்கும்போதே அதே கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொண்டால், இதுவரை பாலிசியில் இருந்த வருடங்கள் இந்தக் காத்திருப்பில் கழிக்கப்படும். இந்த ஒரு வழியைத் தவறவிடக் கூடாது என்பதற்காகத்தான் விடைபெறு ஆராதனைக்கு நாள் குறிக்கும் முன்பே ஐயர்களைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறோம்.

65 வயதுக்கு மேல் புதிதாகப் பாலிசி கிடைக்காது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். அந்த வயது வரம்பு போய்விட்டது. 2025 ஜனவரியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இன்னொன்றும் சொன்னது: மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஒரு வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் கம்பெனிகள் தன்னிடம் முதலில் கலந்தாக வேண்டும். அதே வருடம் செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவப் பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் எடுக்கப்பட்டது. எல்லாம் நல்லதுதான். ஆனாலும் பென்ஷன் வாங்கும் ஐயருக்கும் ஐயரம்மாவுக்கும் சேர்த்து வரும் பிரீமியத் தாளை அவர்கள் முன் நீட்டும்போது எனக்கே மனசு கேட்பதில்லை. பிரிவு உபசாரத்தில் சபையார் மோதிரமும் சால்வையும் வாங்குகிற பணத்தை முதல் இரண்டு வருடப் பிரீமியமாகக் கட்டிக் கொடுத்தால் என்ன என்று சேகரக் கமிட்டிகளிடம் கேட்டு வருகிறேன். சில சபைகள் செய்தும் இருக்கின்றன.

"நமக்குத்தான் மிஷன் ஆஸ்பத்திரி இருக்கே" என்ற நம்பிக்கையும் உண்டு. நெய்யூரில் 1838இல் தொடங்கிய மருத்துவ ஊழியமும், வேலூரில் 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதும் நம் பரம்பரைச் சொத்துதான். ஆனால் இன்று அந்த மாதிரி ஆஸ்பத்திரிகளும் நோயாளிகள் கட்டும் பணத்தில்தான் ஓடுகின்றன. திருச்சபை ஊழியருக்குச் சலுகை கிடைப்பதுண்டு. பைபாஸ் பில்லில் சலுகை போக மிச்சம் நிற்பதும் லட்சத்தில்தான்.

அரசுத் திட்டங்களின் பக்கம் ஐயர்கள் திரும்புவதே இல்லை. தயக்கம், சில நேரம் கூச்சம். வாழ்நாள் முழுக்கப் பிறருக்கு மனு எழுதிக் கொடுத்தவர்கள், தங்களுக்கென்று வி.ஏ.ஓ. முன் போய் நிற்கக் கூசுகிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். சம்பளத்தில் இருந்தபோது அந்த வரம்பைத் தாண்டிய ஐயர், ஓய்வூதியத்துக்கு வந்தபின் பல சமயம் அதற்குள் வந்துவிடுகிறார். குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. வேண்டியது வருமானச் சான்றும் ரேஷன் கார்டும்.

இந்த ரேஷன் கார்டில்தான் பாதிப் பேர் மாட்டுவார்கள். சில வருடத்துக்கு ஒருமுறை மாறுதலாகி வந்தவர்களின் கார்டு எப்போதோ இருந்த சேகரத்து முகவரியில் நிற்கும். மகன் கல்யாணமாகிப் போயிருப்பான், பெயர் நீங்கியிருக்காது. மகனின் சம்பளமும் குடும்ப வருமானத்தில் சேர்ந்துகொள்ளும். குடியேறப்போகும் ஊர் முடிவானதும் முதலில் கார்டைச் சரிசெய்யுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் மன்றாடுகிறேன். 70 வயது கடந்தவர்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் 5 லட்சம் என்று மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கிய ஆயுஷ்மான் அட்டையைப் பற்றியும் கலெக்டர் அலுவலகக் காப்பீட்டு மையத்திலேயே கேட்டுக்கொள்ளச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற நாளுக்கும் 70க்கும் இடையில் கிடக்கும் வருடங்கள்தான் ஆபத்தானவை.

இன்னொன்று மாத்திரைச் செலவு. படுக்கையில் சேர்ந்தால்தான் பாலிசி பேசும். மாதாமாதம் வாங்கும் சுகர், பிரஷர் மாத்திரைக்கு அனேகமாக ஒன்றும் தராது. கிராமத்தில் போய்க் குடியிருக்கும் ஐயர்களுக்கு 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக, சுகாதாரப் பணியாளர் கையில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. ஓய்வு பெற்ற ஒருவர் போனில் சொன்னார்: "வாங்கித்தான் பாருங்களேன்னு நீங்க சொன்னீங்க. இப்ப அந்தப் பிள்ளை வந்தா பிரஷரும் பார்த்துட்டுப் போகுது." எனக்கு அன்று முழுக்க சந்தோஷம்.

கத்தோலிக்க மறைமாவட்டத்தில் இதே வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் உண்டு. அவர்கள் திருச்சபைச் சட்டம், 1983ஆம் வருடத் தொகுப்பில் 281ஆம் பிரிவு, நோயிலும் முதுமையிலும் குருக்களுக்கு வேண்டிய உதவி கிடைக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறது. பங்குக் குரு 75 வயதில் பொறுப்பிலிருந்து விலக விண்ணப்பிக்க வேண்டும். அதன்பின் அவருக்குத் தங்குமிடமும் பராமரிப்பும் ஆயர் கவலை. நமது ஐயருக்கு மனைவி இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் நம்மிடையே பொறுப்பு யாருடையது என்பது தெளிவில்லாமல் கிடக்கிறது. பிள்ளைகள் பார்ப்பார்கள் என்று திருமண்டலம் நினைக்கும், திருமண்டலம் பார்க்கும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள்.

ஐயரம்மா கேட்ட கேள்வி இங்கேதான் வந்து நிற்கிறது. ஞாயிறு பள்ளி, பெண்கள் ஐக்கியம், சாவு வீடு, பிரசவ வீடு என்று ஐயரோடு சேர்ந்து உழைத்தவருக்கு எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லை. ஐயர் கண்ணை மூடினால் பாலிசியைப் புதுப்பிக்க அவர் கையில் என்ன இருக்கும்? தம்பதி இருவரையும் தனித்தனியாகக் கேட்டு, ஐயரம்மா பெயரிலும் பாலிசி எண், அட்டை, நாமினி விவரம் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே இப்போது கோப்பை மூடுகிறோம். அந்தக் கட்டைப்பை ஐயரம்மாவுக்கும் சேர்த்தேதான் மனு போட்டோம். இருவருக்கும் பாலிசி மாறிவிட்டது.

ஓய்வுக்கு ஒரு வருடம் முன்பே மருத்துவக் கடிதம் போக வேண்டும் என்பதை நிர்வாகக் குழு ஏற்றுக்கொண்டது. விதவை ஐயரம்மாக்களின் பிரீமியத்தில் பாதியைச் சேகரங்களின் அறுப்பின் பண்டிகைக் காணிக்கையிலிருந்து ஒரு பங்கு ஒதுக்கிக் கட்டலாம் என்று நாங்கள் எழுதிக் கொடுத்தது இன்னும் நிறைவேறவில்லை. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அதை மறுபடியும் சேர்த்திருக்கிறோம்.