வில்லங்கச் சான்றிதழைக் கூட்டிப் பார்த்த அன்று

2024-ல் சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் முதல் ஃபிளாட்டை வாங்கினோம். அதற்கு முன் மேடவாக்கத்தில் ஒன்றைப் பார்த்துக் கைவிட்டோம். முதல்முறை வாங்கப்போகிறவர்களுக்கு அந்தக் கைவிட்ட வீட்டைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

நல்ல வெளிச்சமான வீடு. துணி உலர்த்தத் தனி பால்கனி. மனசுக்குப் பிடித்துப்போய் 50,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் வில்லங்கம் போட்டேன், அதாவது அந்தச் சொத்தில் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் வரிசையாக இருக்கும் சான்றிதழை எடுத்தேன். அங்கேதான் தப்பு செய்தேன். ஃபிளாட் வாங்கும்போது நிலத்திலும் ஒரு பங்கு வாங்குகிறோம். யூடிஎஸ் என்பார்கள், பத்திரத்தில் 'பிரிபடாத பாகம்' என்று இருக்கும். கட்டடம் பழசாகி இடித்துக் கட்டும் நாளில் நம் கையில் மிஞ்சுவது அந்தப் பங்குதான்.

அந்த மனை இரண்டு கிரவுண்டு, 4,800 சதுர அடி. அப்ரூவலான பிளானில் எட்டு வீடு. பதிவுத்துறை இணையதளத்தில் அந்த சர்வே எண்ணுக்கு 30 வருட வில்லங்கம் எடுத்து, ஒவ்வொரு பத்திரத்திலும் இருந்த பாகத்தை நோட்டில் எழுதிக் கூட்டினேன். எட்டு வீட்டுக்கும் தலா 540, ஆக 4,320. மீதி 480 எங்கே? கடைசிப் பக்கத்தில் இருந்தது. ஒன்பதாவதாக ஒருவருக்கு விற்றிருந்தார்கள். மறுநாள் மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தோம். தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு வீடு, வாசலில் கோலம். பிளானில் அப்படியொரு வீடே கிடையாது. வங்கி வக்கீலும் அதைக் காட்டியே கடனுக்கு ஒப்புதல் தரவில்லை. அட்வான்ஸைத் திரும்ப வாங்க மூன்று மாதம் நடையாய் நடந்தோம். 'லீகல் சரியில்லை என்றால் தொகையைத் திருப்பித் தர வேண்டும்' என்று ரசீதில் ஒரு வரி எழுதி வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

மடிப்பாக்கம் வீட்டுக்கு டேப்போடு போனோம். 1,050 சதுர அடி என்றார்கள். உள்ளே அளந்தால் 770. படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை எல்லாவற்றிலும் நம் பங்கைச் சேர்த்துத்தான் 1,050. புதுக் கட்டடமாக இருந்தால், ரெரா (வீடு வாங்குபவர்களைப் பாதுகாக்கும் ரியல் எஸ்டேட் சட்டம்) பதிவுள்ள திட்டத்தில் கார்ப்பெட் ஏரியாவை, அதாவது வீட்டுக்குள் நாம் புழங்கும் பரப்பை, சொல்லியே ஆக வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் பில்டர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பணம் வாங்கவும் கூடாது. பழைய வீட்டுக்கு நம் டேப்தான் துணை. தாழ்வான பகுதி என்பதால், 2015 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று வாட்ச்மேனிடம் கேட்டோம். கார் நிறுத்தும் இடத்துத் தூணில் கை வைத்துக் காட்டினார். எங்கள் வீடு இரண்டாவது மாடி.

விலை 62 லட்சம். வங்கி 80 சதவீதம் தரும், கையில் 12.4 லட்சம் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தோம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இது அந்தக் கடனுக்குள் வராது. அதுவே 5.58 லட்சம். என் நகையை அடகு வைத்துத்தான் சமாளித்தோம். வீடு தேட ஆரம்பிக்கும்போதே இந்தத் தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள்.

வீட்டின் விலை 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால், வாங்குபவரே விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது அவர் கணக்கில் சேரும் வருமான வரி, பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். விற்ற பெரியவருக்கு இது தெரியாது. "என்னம்மா, பேசின தொகையில 62,000 குறையுதே" என்று முகம் வாடிவிட்டார். "உங்க பான் நம்பர்லதான் ஐயா கட்டறோம், கணக்கு தாக்கல் பண்ணும்போது கழிச்சுக்கலாம்" என்று என் கணவர் விளக்கிச் சொன்ன பிறகுதான் சமாதானமானார். இதை விலை பேசும் அன்றே சொல்லியிருக்க வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் விதியே வேறு. ஆடிட்டரைக் கேட்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

மெயின்டனன்ஸ் பாக்கி இல்லை என்று அசோசியேஷனிடம் கடிதம் வாங்கினோம். சொத்து வரியும் ஈபியும் பெயர் மாற்ற இரண்டு மாதம் ஆனது.

பதிவு முடிந்த பிறகு மறுபடியும் வில்லங்கம் எடுத்தேன். கடைசிப் பதிவில் எங்கள் இருவர் பெயரும் இருந்தது. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பாகத்தின் அளவைப் பழைய பத்திரத்தோடு ஒருமுறை ஒப்பிட்டேன். சரியாக இருந்தது.