மஸ்கெலியா நாட்குறிப்பு, ஆகஸ்ட் 2018

ஆகஸ்ட் 18, சனி

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிள்ளைகளுக்கு விடுமுறை முகாம் நடத்தக் கோலாலம்பூரிலிருந்து வந்திருக்கிறோம். பகல் முழுவதும் வேனில். அவிசாவளை வரை வெயில் இருந்தது. கித்துல்கலையில் தூறத் தொடங்கியது. கினிகத்தேனையைத் தாண்டி ஏறியபோது முன்கண்ணாடியில் மழையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஆகஸ்டில் இந்தப் பக்கம் மழை பெய்யாவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்றார் வேன் ஓட்டிய அண்ணன். கூரைமேல் நாங்கள் கட்டி வந்த பெட்டிகளில் இருப்பது முழுக்க வண்ணக் காகிதம்.

ஆகஸ்ட் 19, ஞாயிறு

தோட்டத்தில் வேலையில்லாத நாள் என்பதால் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் ஒவ்வொன்றுக்கும் சென்று பிள்ளைகளை அழைத்தோம். எட்டு வயது முதல் பதினான்கு வயது வரை என்று குழுத்தலைவி அச்சடித்துக் கொண்டுவந்த தாளில் இருக்கிறது. போன வீட்டிலெல்லாம் பிளேன்டீ கொடுத்தார்கள். மறுத்தால் முகம் வாடிவிடுகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, முன்னால் சிறு திண்ணை, பின்னால் புகை படிந்த அடுப்படி. கெடாவில் தாம் பிறந்த ரப்பர் தோட்டத்து லயத்தைப் பற்றி அம்மா சொல்லும் அளவுகளும் ஏறக்குறைய இவைதான். அந்தத் தோட்டத்தில் இப்போது செம்பனை நிற்கிறது, லயத்தை இடித்தும் பல காலம் ஆகிவிட்டது. இங்கே இன்னும் குடியிருக்கிறார்கள்.

மேல் லயத்தின் கடைசி வாசலில் பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒரு சிறுமி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பதினொரு வயது இருக்கலாம். நாளை வருகிறாயா என்று கேட்டதற்கு, "இவனையும் தூக்கிக்கிட்டு வரலாமா மிஸ்?" என்றாள். தலைவி தாளைக் காட்டி, எட்டு வயதிலிருந்துதான் என்றார். கனிவாகத்தான் சொன்னார்.

ஆகஸ்ட் 20, திங்கள்

கோலாலம்பூரில் மூன்று வார இறுதிகள் உட்கார்ந்து எழுதிய நிகழ்ச்சிநிரலைத் தகரக் கூரை அரை மணி நேரத்தில் தீர்த்துவிட்டது. மழை இறங்கினால் மண்டபத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்பதில்லை. கதைநேரம், பாட்டு, வினாவிடை எல்லாம் ஒலியை நம்பியவை. நண்பர் ஒருவர் வேறு வழியின்றிக் கைகளாலும் முகத்தாலும் சிங்கமும் முயலும் கதையை நடித்துக் காட்டத் தொடங்கினார். சிங்கம் கிணற்றில் எட்டிப் பார்த்த இடத்தில் ஒரு பையன் தானே எழுந்து வந்து கிணறாகப் படுத்துக்கொண்டான். வந்ததிலிருந்து நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

மண்டபத்தை ஒட்டிய கானுக்கு (வடிகாலுக்கு) அப்பால், ஒரே குடையின் கீழ், பச்சை ஸ்வெட்டரும் தம்பியும். மதியம் வரை நின்றாள். உணவு நேரத்தில் பார்த்தபோது இல்லை.

ஆகஸ்ட் 21, செவ்வாய்

இன்றும் நின்றாள். வயதை யார் பார்க்கப் போகிறார்கள், உள்ளே வா என்று நான் போய்க் கூப்பிட்டேன். தம்பி அழுதால் மற்றவர்களுக்குத் தொந்தரவு என்று என்னிடம் அவளே காரணம் சொன்னாள். தாளில் இருந்த விதியை நாங்கள் மறந்தாலும் அவள் மறக்கமாட்டாள் போலிருக்கிறது.

மாலையில், பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் மடுவத்துக்குப் போனேன். அவளுடைய அம்மா நிறுப்பதற்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் சுற்றிய படங்குத் துணி, தலையில் கயிறு அழுத்திய தடம், விரல்களில் கறுப்புக் கறை. பையனுக்குச் சளிக்காய்ச்சல் என்பதால் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டார்களாம். மற்றப் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது அவர்களுடைய நியாயம், அதுவும் சரியான நியாயம்தான். தாய் வீட்டில் நின்றால் அன்றைய பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், விழாது. அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய். எல்லாப் படிகளும் சேர்ந்தால்தான் 730 வரும். சொன்ன கிலோ எடுக்காவிட்டால் 140 ரூபாய்ப் படி போய்விடும், மிகவும் குறைந்தால் அரைப்பேர். ஆகவே மகள் நிற்கிறாள். பாடசாலை நடக்கும்போதும் இப்படித்தானா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் தராசு முள்ளையே பார்த்தார். கணக்குப்பிள்ளை தண்ணீருக்கென்று கிலோக் கழித்தார். ஈரக் கொழுந்தில் தண்ணீர் இருக்கும் என்பது எனக்கும் தெரியும். எவ்வளவு இருக்கும் என்பதை அவர் மட்டும் தீர்மானிப்பது எப்படி என்றுதான் தெரியவில்லை.

விடுமுறையில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டிய தேவையில்லாத பிள்ளைகளுக்காக நாங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

ஆகஸ்ட் 22, புதன்

ஹஜ்ஜுப் பெருநாள். நண்பர் தொழுகைக்காக மஸ்கெலியா நகரத்துப் பள்ளிவாசலுக்குப் போய், முன்பின் தெரியாத ஒரு குடும்பம் கொடுத்தனுப்பிய வட்டிலப்பத்தோடு திரும்பினார். பழைய நகரம் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது; வறட்சிக் காலத்தில் நீர் வற்றினால் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தெரியும் என்று அங்கே ஒரு பெரியவர் அவருக்குச் சொன்னாராம். இப்போது தண்ணீரும் மேகமும்தான். சிவனொளிபாதமலை இருக்கும் திசையைக் கையால் காட்டுகிறார்கள், நம்பிக்கொள்கிறோம்.

பிற்பகல் 'என் வீடு' வரையச் சொன்னோம். கூம்புக் கூரை, புகைபோக்கி, முற்றத்தில் தென்னை. இந்த உயரத்தில் தென்னையே இல்லை. பாடப்புத்தகத்து வீட்டை எல்லோரும் மனப்பாடமாக வரைந்திருந்தார்கள். ஒரு பையன் மட்டும் தாளைக் குறுக்காகத் திருப்பி, விளிம்பு முட்டும் வரை கதவு கதவாகப் போட்டு, ஒவ்வொரு கதவுக்கு மேலும் எண் எழுதினான். தாள் போதாமல் இன்னொன்று கேட்டான். அறிக்கைக்குத் தென்னைமரப் படங்கள் போதும் என்கிறார் தலைவி. இரண்டு தாள்களையும் ஒட்டி நான் வைத்திருக்கிறேன்.

குடை இல்லை இன்று. அவளும் இல்லை. பையனுக்குக் காய்ச்சல் கூடிவிட்டதா என்று யாரிடம் கேட்பது?

ஆகஸ்ட் 23, வியாழன், காலை

வலக்காலில் மூன்று அட்டைகள், இடக்காலில் ஒன்று. சவர்க்காரம் தடவிக்கொண்டு வந்தால் ஏறாது என்று பிள்ளைகள் எனக்குப் பாடம் நடத்துகிறார்கள்.

அதே நாள், இரவு

நல்ல சண்டை. மண்டபத்தின் ஒரு மூலையைக் கைக்குழந்தைகளுக்கு ஒதுக்கலாம் என்றேன். ஒரு குழந்தை கானில் விழுந்தால் யார் பொறுப்பு என்று கணக்கு பார்க்கும் நண்பர் கேட்டார். மறுக்க முடியாத கேள்வி. நிகழ்ச்சி கெடும் என்றார் தலைவி. தகரக் கூரைக்கடியில் இனிக் கெடுவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று நான் கேட்டது கொஞ்சம் உரத்த குரலில் வந்துவிட்டது. கடைசியில், பிள்ளைக் காம்பராவிலிருந்து ஓய்வுபெற்ற ஆயம்மா வந்து உட்காருவதானால் சம்மதம் என்று முடிவானது. ஆயம்மா உடனே ஒப்புக்கொண்டார், வெற்றிலை வாங்கிக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

நான் கற்பிக்கும் பள்ளியின் தலைமையாசிரியரிடமிருந்து செய்தி: அடுத்த மாதம் மலேசிய ஆறாம் ஆண்டுத் தேர்வான யூபிஎஸ்ஆர், விடுமுறை வகுப்புக்கு நான் வராததைப் பெற்றோர் கேட்கிறார்களாம். இங்கும் இம்மாதத் தொடக்கத்தில்தான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை முடிந்திருக்கிறது. பெறுபேறு எப்போது வரும் என்று என்னைக் கேட்கிறார்கள், நான்தான் திருத்துகிறேன் என்பது போல.

ஆகஸ்ட் 24, வெள்ளி

விட்டத்தில் பழைய சேலைகளைக் கட்டி ஏணைகள் தொங்கவிட்டோம். இடம் இருக்கிறது என்ற செய்தி எப்படிப் பரவியதோ, ஒன்பது மணிக்குள் இடுப்பில் குழந்தைகளோடு இதுவரை நாங்கள் பார்த்தேயிராத சிறுமிகள் வந்துவிட்டார்கள். இரண்டு சிறுவர்களும் அப்படியே வந்தார்கள். இவர்களெல்லாம் இத்தனை நாள் எந்த வாசலில் நின்றிருந்தார்கள்? ஆயம்மா ஒரு காலால் ஓர் ஏணையையும் ஒரு கையால் இன்னொன்றையும் ஆட்டிக்கொண்டு, மூன்றாவதைப் பார்த்து அதட்டிக்கொண்டிருந்தார்.

பச்சை ஸ்வெட்டர் பத்தரை மணிக்கு வந்தாள். காய்ச்சல் விட்டுவிட்டது, மூக்கு மட்டும் ஒழுகுகிறது. தம்பியை ஏணையில் போட்டுவிட்டு நேரே ஆட்டக் களத்துக்குப் போனவள், பத்து நிமிடத்தில் ஓர் அணிக்குத் தலைவியாகி, புதிய விதி ஒன்றைச் சேர்த்து, அந்த விதியின்படி தன் அணிக்கே மூன்று புள்ளிகள் போட்டுக்கொண்டாள். எதிரணிப் பையன் என்னிடம் முறையிட்டான். நியாயம் முழுக்க அவன் பக்கம்தான். விளையாட்டு முடியட்டும் என்று சொல்லிவிட்டேன்.

உதவிய நிறுவனத்தின் சின்னம் தெரியும்படி படம் எடுக்க வேண்டுமாம். ஏணைகள் படத்தில் வரக்கூடாதாம். ஏழ்மையாகத் தெரியும் என்கிறார்கள்.

ஆகஸ்ட் 25, சனி

போயா, பௌர்ணமி விடுமுறை. நிறைவு விழா. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் நீளமாகப் பேசினார்கள். பதிவுப் பட்டியலின்படி வாங்கிய புத்தகப் பைகள் குழந்தையோடு வந்தவர்களுக்குப் போதவில்லை. யார் யாருக்கு இல்லை என்பதைப் பச்சை ஸ்வெட்டர் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள், தன் பெயரை முதலில் போட்டு. ஹட்டனில் வாங்கி அனுப்ப வேன் அண்ணனிடம் பணம் கொடுத்திருக்கிறோம்.

விடுமுறை முடியும் வரை தினமும் வந்து உட்காரத் தயார் என்று ஆயம்மா சொல்கிறார், அவர் மருமகளும் வருவாராம். ஏணைகளை அவிழ்க்க வேண்டாம் என்றார். மண்டபச் சாவியை யார் கொடுப்பார்கள் என்று கேட்டேன். தோட்ட நிர்வாகியான துரை அனுமதித்தால் கணக்குப்பிள்ளை கொடுப்பார். துரை கண்டிக்குப் போயிருக்கிறார், திங்கள்தான் வருவார். தொலைபேசியில் கேட்கலாமே என்றேன். இதையெல்லாம் நேரில்தான் கேட்க வேண்டும் என்கிறார்கள். திங்கள் காலை ஏழரைக்கு எனக்கு வகுப்பு. கடிதம் ஒன்று எழுதி ஆயம்மாவிடம் கொடுக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன், துரைக்குத் தமிழில் எழுதலாமா ஆங்கிலத்திலா என்று வேன் அண்ணனைக் கேட்டுவிட்டு...