குறைந்த சிஜிபிஏவோடு எம்பிஏவுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு

பொறியியலில் பத்துக்கு ஆறு சிஜிபிஏவும் (சராசரி மதிப்பெண்) சில அரியர்களும் உள்ளவர்கள் எம்பிஏ ஆசையை வெளியே சொல்லவே தயங்குவது எனக்கு வருத்தம் தருகிறது. பழைய மதிப்பெண்ணை மாற்ற முடியாது. ஆனால் கணக்கும் புள்ளியியலும் நிறைந்த பாடங்களை இவரால் சமாளிக்க முடியுமா என்று தேர்வுக் குழுவுக்கு எழும் ஐயத்துக்குப் பதில் சொல்ல முடியும்.

ஐஐஎம்களில் எம்பிஏ சேர்வதற்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வை எழுதப் பொதுப்பிரிவினருக்குப் பட்டப்படிப்பில் 50 விழுக்காடு போதும் என்றாலும், அகமதாபாத் ஐஐஎம்மில் பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரையிலான மதிப்பெண்கள் நேர்காணல் அழைப்பையே பாதிக்கின்றன. பணி அனுபவத்தையும் கட்டுரைகளையும் சேர்த்துப் பார்க்கும் ஐஎஸ்பியும் (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) அமெரிக்கக் கல்லூரிகளும் இத்தகையவர்களுக்கு ஏற்றவை என்பது என் கருத்து. அங்கே, 805க்குக் கணக்கிடப்படும் ஜிமேட் நுழைவுத் தேர்வில், குறிப்பாகக் கணிதப் பிரிவில், உயர்ந்த மதிப்பெண் மிக வலுவான சான்று. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் ஆன்லைனின் 'கோர்' போன்ற, நிதிக் கணக்கியலும் பொருளியலும் அடங்கிய படிப்பை நன்றாக முடிப்பதும் உதவும்.

மதிப்பெண் குறைவை விளக்க, விரும்புவோர் மட்டும் எழுதும் கூடுதல் கட்டுரையில்தான் பலர் சறுக்குகிறார்கள். எனக்குத் தெரிந்த தம்பி ஒருவரின் வரைவில் பாதிப் பக்கம் கல்லூரியைப் பற்றிய குறையாகவே இருந்தது. அதை நீக்கியபின் எஞ்சியவை, அப்பாவின் நோய், மாலையில் கடையைப் பார்த்துக்கொண்டது, அடுத்த பருவத்திலேயே அரியரை முடித்தது, இறுதியாண்டில் மதிப்பெண் உயர்ந்தது ஆகியவை மட்டுமே. பரிந்துரைக் கடிதத்தையும் பெரிய பதவியில் இருப்பவரைவிட, உங்கள் அன்றாட வேலையை நேரில் கண்ட மேலாளரிடமே கேளுங்கள்.