ஸ்பீக்கர் வைஃபையில் இருக்கிறது, ஆப்பில் இல்லை

வயர்லெஸ் ஸ்பீக்கரைப் பிளக்கில் மாட்டி, ஆப்பை இறக்கி, வைஃபை கடவுச்சொல்லும் கொடுத்தாயிற்று. ஆனாலும் "சாதனம் எதுவும் கிடைக்கவில்லை" என்ற இடத்திலேயே ஆப் நிற்கிறது. பெரும்பாலானவர்கள் முதலில் ரவுட்டரை அணைத்துப் போடுவார்கள், அடுத்து இணைய வேகத்தைச் சோதிப்பார்கள். வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. சுருக்கப்படாத சிடி தர ஒலிக்கே நொடிக்கு 1.4 மெகாபிட்தான் வேண்டும். அதைக்கூடத் தராத இணைப்பை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும்.

முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: ஸ்பீக்கர் வைஃபையில் சேரவே இல்லையா, சேர்ந்தும் போன் கண்ணில் படவில்லையா? இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு. பிரவுசரில் ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறங்கள். முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே இருக்கும். அங்கே இணைந்துள்ள சாதனங்களின் பட்டியலைப் பாருங்கள். பெயரை நம்பாதீர்கள், பல ஸ்பீக்கர்கள் உள்ளே இருக்கும் சிப்பின் பெயரில்தான் தெரியும். ஸ்பீக்கரின் அடியிலோ பெட்டியிலோ அச்சிட்டிருக்கும் மேக் முகவரியை, அதாவது சாதனத்தின் அடையாள எண்ணை, ஒப்பிட்டுப் பாருங்கள்.

பட்டியலிலேயே இல்லை என்றால் கோளாறு அமைவுக் கட்டத்தில் இருக்கிறது. நிறைய ஸ்பீக்கர்கள் முதலில் தாமே ஒரு தற்காலிக வைஃபையை உண்டாக்கும், போன் அதில் சேர்ந்துதான் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். அந்த வைஃபையில் இணையம் இருக்காது. "இதில் இணையம் இல்லையே" என்று போன் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், ஆப் ஸ்பீக்கரைத் தொலைத்துவிடும். அமைவு முடியும்வரை மொபைல் டேட்டாவை அணைத்து வையுங்கள். விபிஎன் ஓடினால் அதையும்.

அடுத்த சந்தேகம் பாதுகாப்பு முறை. ரவுட்டர் டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் பழைய ஸ்பீக்கர்களால் உள்ளே வரவே முடியாது, ஆப்போ "கடவுச்சொல் தவறு" என்று பழியை உங்கள் மேல் போடும். டபிள்யூபிஏ2-க்கு மாற்றிப் பாருங்கள். டபிள்யூபிஏ2, 3 கலந்த முறையும் பல ஸ்பீக்கர்களுக்கு ஒத்துவரும், சிலவற்றுக்கு அதுவும் வராது. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரிந்த ஸ்பீக்கர் என்றால், 2.4, 5 என்ற இரண்டு அலைவரிசைப் பட்டைக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும் ரவுட்டரில் தடுமாறலாம். அமைவு நேரத்துக்கு மட்டும் 5 கிகாஹெர்ட்ஸை அணைத்துவிட்டு, முடிந்ததும் போட்டுக்கொள்ளுங்கள். மறைத்து வைத்த வைஃபை பெயர், குறித்துவைத்த மேக் முகவரிகளை மட்டும் உள்ளே விடும் மேக் வடிகட்டி இரண்டையும் இந்தச் சமயத்தில் எடுத்துவிடுங்கள். அவற்றால் கிடைக்கும் பாதுகாப்பு அற்பம், தொல்லை அதிகம்.

ஸ்பீக்கரின் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடம் கேட்டும் முகவரி கிடைக்காததால் அதுவே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி ரவுட்டரில் அணைந்திருக்கிறதா, கொடுக்க வேண்டிய முகவரிகள் தீர்ந்துவிட்டனவா என்று பாருங்கள்.

இனி, பட்டியலில் இருந்தும் ஆப்பில் தெரியாத வகை. ஆளை அலைக்கழிப்பது இதுதான். போன் ஸ்பீக்கரைத் தேடும் விதம் வாசலில் நின்று "வீட்டில் யார் இருக்கீங்க?" என்று குரல் கொடுப்பது மாதிரி. ஒரு முறைக்குப் பெயர் எம்டிஎன்எஸ், அது 224.0.0.251 என்ற முகவரிக்கு 5353 போர்ட்டில் கூப்பிடும். இன்னொன்று எஸ்எஸ்டிபி, 239.255.255.250-க்கு 1900 போர்ட்டில். இரண்டும் மல்ட்டிகாஸ்ட், அதாவது கேட்க விரும்பும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போகும் அழைப்பு. வேண்டுமென்றே யாராவது வழி செய்யாதவரை அடுத்த நெட்வொர்க்குக்குத் தாண்டாது. குரல் எங்கே அமுங்குகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

போன் இருக்கும் அதே வைஃபையில் ஒரு லேப்டாப்பைச் சேர்த்து, ரவுட்டர் பட்டியலில் உள்ள ஸ்பீக்கரின் ஐபி முகவரியைப் பிங் செய்யுங்கள், அதாவது பதில் வருகிறதா என்று தட்டிப் பாருங்கள். பதில் வராவிட்டால் முதலில் முகவரிகளை ஒப்பிடுங்கள். லேப்டாப் 192.168.0.14, ஸ்பீக்கர் 192.168.1.37 என்றிருந்தால் வீட்டில் ரவுட்டர் வேலையை இரண்டு பெட்டிகள் பார்க்கின்றன. இணைய நிறுவனம் தந்த பெட்டி ஒன்று, நீங்கள் வாங்கி அதன் பின்னால் மாட்டியது இன்னொன்று. இரண்டாவதை வைஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றுங்கள், அல்லது முதலாவதை இணையத்தை அப்படியே கடத்திவிடும் பிரிட்ஜ் ஆக்குங்கள். வெறுமனே வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் ஒன்றாக வைத்துவிட்டால் இரண்டும் ஒரே நெட்வொர்க் ஆகிவிடாது. கண்டுபிடிப்பதுதான் இன்னும் கடினமாகும்.

முகவரிகள் ஒரே வரிசையில் இருந்தும் பிங் போகவில்லையா? லேப்டாப்போ ஸ்பீக்கரோ விருந்தினர் வைஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏபி ஐசொலேஷன் அல்லது கிளையன்ட் ஐசொலேஷன் என்ற பெயரில் ஒரு டிக் இருக்கும், அதை எடுங்கள். அது இருக்கும்வரை ஒரே வைஃபையில் உள்ள சாதனங்கள் ஒன்றோடொன்று பேச முடியாது, எல்லாவற்றுக்கும் இணையம் மட்டும் ஒழுங்காக வரும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

பிங் போகிறது, ஆப்பில் மட்டும் இல்லை என்றால் போனையும் ஒருமுறை பாருங்கள். ஐஓஎஸ் 14 முதல் ஒவ்வொரு ஆப்புக்கும் லோக்கல் நெட்வொர்க் அனுமதி தனியாகத் தர வேண்டும். முதல் தடவை கேட்டபோது அவசரத்தில் மறுத்திருந்தால் மறுபடி கேட்காது, செட்டிங்ஸில் போய் நீங்களே திறக்க வேண்டும்.

அதுவும் சரியாக இருந்தால் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் மேல் கை வையுங்கள். எந்தச் சாதனம் எந்த மல்ட்டிகாஸ்டைக் கேட்டது என்று ரவுட்டரோ சுவிட்சோ குறித்து வைத்து, கேட்டவர்களுக்கு மட்டும் அனுப்பும் ஏற்பாடு அது. "இன்னும் வேண்டுமா?" என்று இடைவெளி விட்டுக் கேட்க ஒரு குவெரியர் இருக்க வேண்டும். அப்படி ஒன்று இல்லாவிட்டால் குறிப்பு காலாவதியாகும். வழக்கமான அமைப்பில் அதற்கு 260 விநாடி, அதாவது 4 நிமிடம் 20 விநாடி. ஆகவே ஸ்பீக்கரை அணைத்துப் போட்டதும் ஆப்பில் தெரிந்து, நாலைந்து நிமிடத்தில் காணாமல் போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். கடிகாரத்தை வைத்து இரண்டு முறை பாருங்கள், இரண்டு முறையும் ஏறத்தாழ அதே இடைவெளியில் மறைந்தால் ஆள் அகப்பட்டான். குவெரியரை இயக்குங்கள், அந்த வசதி இல்லாவிட்டால் ஸ்னூப்பிங்கை அணையுங்கள். வீட்டில் இணைய இணைப்பு வழியே டிவி காட்டும் ஐபிடிவி பெட்டி இருந்தால் மட்டும் அணைக்குமுன் யோசியுங்கள், டிவி ஓட்டம் மொத்தமும் வைஃபையில் பரவி எல்லாவற்றையும் நெரிக்கக்கூடும்.

ஆப்பில் தெரிகிறது, பாட்டு மட்டும் விட்டு விட்டு வருகிறது என்பது ரேடியோ சமாச்சாரம். ஸ்பீக்கரின் சிக்னல் அளவை ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் பாருங்கள். மைனஸ் 65 டிபிஎம் சுற்றி இருந்தால் நல்லது, மைனஸ் 75-க்குக் கீழே போனால் இடம் மாற்ற வேண்டும். 2.4-இல் சேனலைத் தானியங்கியில் விடாமல் 1, 6, 11-இல் நெரிசல் குறைந்த ஒன்றில் நிறுத்தி, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக வையுங்கள். யுஎஸ்பி 3 ஹார்ட்டிஸ்கை ரவுட்டரிலேயே செருகியிருந்தால் கழற்றிப் பாருங்கள், அதன் இரைச்சல் 2.4 பட்டையிலேயே விழும். 5-இல் 36 முதல் 48 வரையுள்ள சேனல்கள் நிம்மதி. 52 முதல் 144 வரை ரேடாருக்கு வழிவிட வேண்டிய சேனல்கள். ரேடார் தென்பட்டதாக ரவுட்டர் நினைத்தால் உடனே சேனலை விட்டு விலகும், வேறொரு ரேடார் சேனலுக்குப் போனால் குறைந்தது 60 விநாடி கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசத் தொடங்கும். பாட்டு அதுவரை மௌனம்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் அந்த மேக் முகவரிக்கு டிஹெச்சிபி ரிசர்வேஷன் போட்டு ஒரே ஐபியை நிலைக்க விடுங்கள். ஸ்பீக்கருக்குள் போய்க் கையால் ஐபி எழுதாதீர்கள், நாளைக்கு ரவுட்டரை மாற்றினால் அந்த ஸ்பீக்கரை முழுதாக ரீசெட் செய்யாமல் மீட்பது சிரமம்.