எந்த ஊர் என்று எழுதவில்லை

சுற்றுவட்டார உயிர்களைப் பற்றி நாங்கள் நடத்தும் இணையதளத்தில், கொம்பன் ஆந்தைப் பக்கத்திலிருந்து ஊர் பெயரை எடுத்துவிட்டு 'மேலூர் வட்டாரம்' என்று மாற்ற அதிக நேரம் ஆகவில்லை. வரைபடத்தில் இருந்த புள்ளியையும் நீக்கினேன். இது எனக்குப் புதிதல்ல. எங்கள் தளத்தில் தேவாங்கு பற்றிய பக்கத்தில் மாவட்டம் மட்டும்தான் இருக்கும். நட்சத்திர ஆமைக்கு அதுவும் கிடையாது. இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான். போன் வரும்வரை அதில் பேச ஏதாவது இருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை.

ஆந்தையை முதலில் எனக்குக் காட்டியவர் அந்த ஊரில் ஆடு மேய்க்கும் அண்ணன் ஒருவர். போனில் பேசியது அவர் மகள், கல்லூரியில் படிக்கிறார்.

"சார், எங்க ஊர் பேரை எடுத்துட்டீங்களா?"

"ஆமாம்மா. வர்றவங்க தொல்லை அதிகமாயிருச்சு. ஆந்தைக்கு நல்லதுன்னுதான் எடுத்தேன்."

"அது சரி சார். குவாரியை மறுபடி ஏலம் விடப் போறதா பேச்சு அடிபடுது. கிராம சபையில தீர்மானம் போட்டு, கலெக்டர் ஆபீஸ்ல மனுவும் குடுக்கணும்னு இருக்காங்க. உங்க பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக் கூட வைக்கலாம்னு அப்பா சொன்னாரு. இப்பப் பாத்தா ஊர் பேரே இல்ல."

நான் மறுபடியும் ஆந்தையின் பாதுகாப்பைப் பற்றிச் சொன்னேன். எங்கெங்கே என்னென்ன நடந்திருக்கிறது என்று கொஞ்சம் நீளமாகவே விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாறையே போயிருச்சுன்னா ஆந்தை எங்க சார் இருக்கும்?" என்றார்.

கோபம் இல்லை, குத்தலும் இல்லை. எனக்குப் பதில் தெரிந்திருக்கும் என்று நம்பிக் கேட்டதுபோல இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்தக் கேள்விக்கு மனதுக்குள் எத்தனையோ பதில்கள் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. என் பக்க நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கொம்பன் ஆந்தை கூடு கட்டாது. பாறை விளிம்பில், மேலே ஒரு கல் நீட்டிக்கொண்டிருக்கும் இடமாகப் பார்த்து, வெறும் மண்ணில் முட்டையிடும். 2012இல் சட்டவிரோத கிரானைட் விவகாரம் வெடித்து, மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கம் குவாரிகள் நின்றுபோன பிறகு, படிக்கட்டுபோல வெட்டிவிட்டுப் போன அந்தச் சுவர்கள் ஆந்தைக்கு வசதியாக அமைந்துவிட்டன. நமக்குப் பாழாகத் தெரிகிற இடம் அதற்குத் தோதான வீடு. ஆனால் அடைகாக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அந்த நாட்களில் தாய் அடிக்கடி எழுந்து பறக்க வேண்டி வந்தால் முட்டை வெயிலில் கிடக்கும். குஞ்சு பொரித்த பிறகும் ஆபத்துதான். பறக்கக் கற்றுக்கொள்ளும் முன்பே அவை நடந்து விளிம்பை விட்டு வெளியே வந்துவிடும். பதறினால் விழ வேண்டியது பள்ளத்தில்.

தளத்தில் இடம் போட்டதும் முதலில் வந்தவர்கள் நாங்கள் எதிர்பார்த்தவர்களே. பிள்ளைகளைக் கூட்டிவந்த ஓர் ஆசிரியை, பைனாகுலரோடு வந்த ஓய்வுபெற்றவர்கள். பள்ளத்துக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள், போனார்கள். பிறகு மற்றவர்கள் வந்தார்கள். புளூடூத் ஸ்பீக்கரில் ஆந்தையின் குரலைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். தன் எல்லைக்குள் இன்னொரு ஆந்தை நுழைந்துவிட்டது என்று நினைத்து, அது இருந்த இடத்தை விட்டு வெளியே வந்து பதில் குரல் கொடுக்கும். படம் அழகாக விழும். ஒரு நாள் மாலை வந்த கூட்டம், பறக்கிற மாதிரி படம் வேண்டும், ஒரு கல்லை விட்டெறியுங்கள் என்று அந்த அண்ணனிடமே கேட்டிருக்கிறது. அவர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் வேட்டைதான். சட்டம் இருக்கிறது. ஆனால் அந்தப் புறம்போக்கில் அதைச் சொல்ல ஆடுகளைத் தவிர யாரும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. தொடர்பு எண்ணைப் பொதுவில் போட்டு வைத்திருக்கும் எவருக்கும் இது தெரியும். மண்ணுளிப் பாம்பு எங்கே கிடைக்கும் என்று போன் வரும். பாம்பைப் பற்றி வேறெதுவும் கேட்க மாட்டார்கள், எத்தனை கிலோ தேறும் என்பது மட்டும்தான் கேள்வி. தீபாவளி நெருங்கும்போது ஆந்தைக்கும் இப்படி விசாரிப்பு வரும். பூசைக்காம். அந்தப் போன்களை எடுத்துப் பேசியவன் நான். அந்தப் பெண் பேசியதில்லை. வரைபடத்தில் ஒரு புள்ளி யார் யாருக்கெல்லாம் பயன்படும் என்பது அவரைவிட எனக்குத் தெரியும்.

இவ்வளவையும் அடுக்கி வைத்துப் பார்த்தால் நான் செய்தது சரிதான். இன்றைக்கும் அப்படித்தான் செய்வேன்.

ஆனால் அரிட்டாபட்டி இருக்கிறதே. எங்கள் வட்டாரத்தில் இதைப் பேசும்போது அரிட்டாபட்டியைத் தாண்டிப் போக முடியாது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அது அறிவிக்கப்பட்டபோது, சுமார் 193 ஹெக்டேரில் என்னவெல்லாம் இருக்கிறது என்று ஊர் பெயரோடு பட்டியலே வெளியானது. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிக் கழுகு, கூடவே சமணர் படுகை, தமிழிக் கல்வெட்டு என்று எல்லாம் வந்தது. இரண்டு ஆண்டு கழித்து டங்ஸ்டன் சுரங்கம் என்று வந்தபோது மக்கள் கையில் அந்தப் பெயர் இருந்தது. மேலூர்ப் பக்கத்திலிருந்து மதுரைக்குப் பேரணியாகப் போனார்கள். சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. பறவைகளால்தான் நின்றது என்று நான் சொல்ல மாட்டேன், நிறுத்தியது மக்கள். ஆனாலும் 'மேலூர் வட்டாரத்தில் எங்கோ சில வல்லூறுகள் உண்டு' என்ற அளவில் மட்டும் எழுதி வைத்திருந்தால் அந்தப் பட்டியலால் யாருக்கு என்ன பிரயோசனம் இருந்திருக்கும்?

வேடந்தாங்கலும் இப்படித்தான். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று ஊர்மக்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798இல் எழுத்தாகவே உரிமை வாங்கினார்கள் என்பார்கள். ஏரியை ஒளித்து வைத்து அவர்கள் பறவையைக் காப்பாற்றவில்லை, இது எங்கள் ஏரி என்று சொல்லிக் காப்பாற்றினார்கள். இன்னும் பக்கத்தில் வந்தால், சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இது தெரியாத ஆள் இந்தப் பக்கம் கிடையாது, கூகுளில் தட்டினால் வழியும் வரும். அங்கே யாராவது கூட்டின் மேல் கல்லெறிந்துவிட்டு ஊரை விட்டு வெளியே போய்விட முடியுமா?

இதற்கும் என்னிடம் பதில் இருக்கிறது. அங்கே ஆயிரக்கணக்கில் பறவைகள், இங்கே இருப்பது ஒரே ஜோடி. ஏரி நிறையக் கூடு கட்டும் கொக்குகளையும் நாரைகளையும், ஒரு விளிம்பில் மூன்று முட்டை வைத்திருக்கும் ஆந்தையையும் ஒரே கணக்கில் சேர்க்க முடியாது. ஆனால் அதே காரணம்தான் என்னைத் திருப்பியும் அடிக்கிறது. கொம்பன் ஆந்தை அழியும் நிலையில் உள்ள உயிர் இல்லை. உலகப் பட்டியலில் அது கவலைப்படத் தேவையில்லாத வரிசையில்தான் இருக்கிறது. ஐநேச்சுரலிஸ்ட் போல, பார்த்த உயிரைப் படத்தோடும் இடத்தோடும் யாரும் பதிவிடக்கூடிய தளங்களில் ஆபத்தில் உள்ள உயிர்களின் இடத்தை மென்பொருளே மங்கலாக்கிவிடும். நீளமும் அகலமும் இருபது கிலோமீட்டருக்கு மேல் வருகிற ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு, அதற்குள் எங்கோ ஒரு புள்ளியைக் காட்டும். இந்த ஆந்தைக்கு அந்த மரியாதை கிடையாது. குவாரியை நிறுத்தும் அளவுக்கு அரிய பறவையும் அல்ல, ஆனால் மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கார் போட்டு வரும் அளவுக்கு அழகான பறவை. இப்படி நடுவில் மாட்டிய உயிர்களின் இடத்தைச் சொல்லலாமா என்பதற்குச் சட்டத்திலும் பதில் இல்லை, மென்பொருளிலும் இல்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். எங்கள் தளத்தைப் பொறுத்தவரை அந்த யாரோ ஒருவர் நான்.

நான் ஏன் முடிவு செய்ய வேண்டும் என்ற இடத்தில்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அந்த ஊரில் ஆந்தையைக் கோட்டான் என்பார்கள். வீட்டுக் கூரையில் உட்கார்ந்து கத்தினால் சாவு வரும் என்ற பயம் அங்கேயும் உண்டு. அந்த அண்ணனின் அம்மா கண்டாலே விரட்டுவாராம். பாறைக்குக் கீழே ஆந்தை கக்கிப் போட்டிருந்த உருண்டைகளைப் பிரித்து, உள்ளே இருந்த எலி மண்டையோடுகளை அந்த அண்ணனுக்குக் காட்டினேன். "பெருச்சாளியத் திங்குதா? அப்ப நம்மாளுதான் தம்பி" என்றார். பக்கம் வெளியானதும் டீக்கடையில் போனை நீட்டி, எங்க ஊர்க் கோட்டான் இன்டர்நெட்டில் வந்திருக்கு என்று ஊர் முழுக்கக் காட்டியிருக்கிறார். கல்லெறியச் சொன்னவர்களைத் திட்டி அனுப்பியதும் அவர்தான், நான் இல்லை. ஊர் பெயர் போட்டதால் வந்த தொல்லையைத்தான் நான் கணக்கில் எடுத்தேன். ஊர் பெயர் போட்டதால் வந்த காவலைக் கணக்கில் எடுக்க எனக்கு எந்த அளவுகோலும் இல்லை.

அவரைக் கேட்டுவிட்டு எடுத்திருக்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சரி, கேட்டிருந்தால் அவர் வேண்டாம் என்று சொல்லியிருப்பார். அதற்குப் பிறகும் நான் எடுத்திருப்பேன். அப்படியென்றால் கேட்பது வெறும் மரியாதைக்கா? சில நாட்கள் ஆமாம் என்று தோன்றுகிறது. சில நாட்கள், அந்த மரியாதைதானே எல்லாமும் என்று தோன்றுகிறது. முதுமலைக்கும் ஆனைமலைக்கும் போக முடியாதவர்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கண்மாயில் இருப்பதைப் பார்த்து மகிழட்டும் என்றுதான் இந்தத் தளத்தையே தொடங்கினோம். இடம் சொல்லாத ஒவ்வொரு பக்கமும் வெறும் கலைக்களஞ்சியக் குறிப்பாகிவிடுகிறது. பக்கத்து ஊர்க்காரர் அதைப் படித்துவிட்டுத் தனக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு பறவை என்று நினைத்துக் கடந்து போவார்.

கடைசியில் நடுவாக ஒன்று செய்தேன். அந்தக் குவாரியில் பார்த்த பறவைகளின் பட்டியலை, ஆந்தை முட்டையிடும் மாதங்களோடு, சர்வே நம்பர் போட்டு ஒரு கடிதமாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். மனுவோடு அதை இணைத்தார்கள், கிராம சபையிலும் வாசித்தார்களாம். ஊருக்குத் தேவையான காகிதம் ஊரிடம் இருக்கிறது, ஊர் பெயர் பொதுவில் இல்லை என்று எனக்கும் ஒரு நிம்மதி. ஏலத்துக்கு இதுவரை அறிவிப்பு வரவில்லை. என் கடிதத்தால் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். கல் விலையோ தேர்தலோ காரணமாக இருக்கலாம்.

அந்த நிம்மதியும் நிலைக்கவில்லை. பிளக்ஸ் அடிக்கப் போகிறோம், படம் வேண்டும் என்று அந்தப் பெண் மறுபடி கேட்டார். ஆந்தையின் முகம் மட்டும் பெரிதாகத் தெரிகிற படத்தை அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "பாறை தெரியிற படம் இல்லையா சார்? பாறைதான முக்கியம்."

அனுப்பினேன். மாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? அது அவர்கள் பாறை. இப்போது ஊர் முகப்பில், மெயின் ரோட்டிலிருந்தே தெரிகிற மாதிரி அந்த பிளக்ஸ் நிற்கிறது. ஊர் பெயர் ஆந்தையைவிடப் பெரிதாக இருக்கிறது. கீழே 'பறவைகளைத் தொந்தரவு செய்யாதீர்' என்ற வரியும் உண்டு. போன வாரம் வாசகர் ஒருவர் அதைப் படமெடுத்து எனக்கே அனுப்பி, இந்த இடத்தை உங்கள் தளத்தில் சேர்க்கலாமே, விட்டுப்போயிருக்கிறது என்று எழுதியிருந்தார். அவருக்கு என்ன பதில் எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.